அக்காவின் கடைக்குப் பின்னால் ஒரு கல்

கனடாவின் மொன்றியலில் யூலை முதலாம் தேதி ஊரே வீடு மாறும். வில்லரே பகுதியில் எங்கள் தெருவில் அன்று நடக்க இடமிருக்காது. மெத்தை, ஃபிரிட்ஜ், பூச்சாடி எல்லாம் நடைபாதையில் கிடந்து வெயில் காயும். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஒரே நாளில் முடிவதுதான் காரணம் என்று தெரிந்தும் எனக்கு அது இன்னும் விசித்திரமாகவே இருக்கிறது. வந்த புதிதில் இதைப் பார்த்து, எங்கேயோ ஷெல் விழுந்து சனம் இடம்பெயர்கிறது என்றே ஒரு கணம் நினைத்தேன். கிட்டப் போனால் எல்லோரும் படிக்கட்டில் இருந்து பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முறை மேல்மாடிக்குக் குடிவந்த பெண், "இந்தக் கட்டடத்துக்கு நூறு வயது, தெரியுமா?" என்று பிரெஞ்சில் பெருமையோடு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மே மாதம்தான் நான் இங்கிலாந்தில் அக்கா வீட்டுக்குப் போய் வந்திருந்தேன்.

அக்காவும் அத்தானும் அங்கே ஒரு சின்னக் கிராமத்தின் ஒரேயொரு கடையை நடத்துகிறார்கள். வீடும் கடையோடு சேர்ந்ததுதான். எதிரே இருக்கும் தேவாலயம் தொள்ளாயிரம் வருடப் பழசு. அதற்கு அப்பால் உள்ள புல்வெளி அலையலையாக மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். மத்திய காலத்தில் குடும்பத்துக்கு ஒரு கீற்று நிலமாகப் பிரித்து, எருது பூட்டி உழுத தடம் அது. உழவு நின்று எத்தனையோ தலைமுறை போய்விட்டது. ஆனாலும் மாலை வெயில் சாய்ந்தால் ஒவ்வொரு வரியும் நிழலோடு எழுந்து நிற்கிறது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா மட்டும் திரும்பியும் பார்க்கவில்லை. "பழசு, பழசு எண்டு ஆரும் கதைச்சாலே எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள்.

அவளுடைய பயம் எனக்குத் தெரியும். திருகோணமலையில், எங்கள் ஊர்க் குளத்துக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்கு ஒரு காணி இருந்தது. ஒருநாள் முன்பின் தெரியாத சிலர் வந்து, மூலையில் கிடந்த உடைந்த கற்களைப் பார்த்தார்கள். இது புராதன இடம், இனி யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லி ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அப்பா அந்தக் காணிக்குள் கால் வைக்கவே இல்லை.

நான் போய் இரண்டாம் நாள் காலை, தேவாலய வேலைகளைப் பார்க்கும் மாகிரட் என்ற பெண்மணி கடைக்கு வந்தார். அத்தான் சாமான் எடுக்கப் போயிருந்தார். மாகிரட் ஒன்றும் வாங்கவில்லை. "உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால், பின்வளவில் இருக்கும் கல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?" என்றார். நடுவில் குழியுள்ள சதுரக் கல் அது. வெயில் கண்டால் அக்கா அதில்தான் மிளகாய் காயப்போடுவாள். "அது மிகவும் பழையது. மத்திய காலச் சிலுவை ஒன்றின் அடிக்கல். ஊரின் எல்லைப் பாதை அதைத் தொட்டுத்தான் போகும். அதனால் உங்கள் வேலியை..."

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "இது எங்கட வீடு" என்றாள் ஆங்கிலத்தில். "நாங்கள் போகமாட்டோம்."

மாகிரட் குழம்பிப்போனார். "ஐயோ, அவ்வளவு தூரமில்லையே. களைத்தால் பாதிவழியில் நின்றுவிடலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடி சொல்லுறா இவ?"

நான் மாகிரட்டிடம் விளக்கமாகக் கேட்டேன். வரைபடம் இல்லாத காலத்தில், தங்கள் நிலம் எதுவரை என்பதை மறக்காமலிருக்க ஊரார் வருடமொருமுறை எல்லையைச் சுற்றி நடப்பார்களாம். இடையில் விட்டுப்போன அந்த வழக்கத்தை இந்த ஞாயிறு மறுபடி தொடங்குகிறார்கள். வேலியில் ஒருநாள் மட்டும் வழிவிட்டால் போதும். கல்லிருக்கும் வீட்டார் நடப்பவர்களுக்கு ஏதாவது தின்னக் கொடுப்பதும் பழைய வழக்கமாம்.

"அப்ப கல்லை எடுக்கப் போகேல்லையோ?" என்று அக்கா கேட்டதை மொழிபெயர்த்தேன்.

"எதற்கு எடுக்கவேண்டும்? அது உங்கள் வீட்டில்தானே இருக்கிறது!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தினை பேர் வருவினம் எண்டு கேள்" என்றாள்.

ஞாயிறு விடிய அக்கா தானே வேலிப்பலகைகளைக் கழற்றினாள். சமையலறை முழுக்க மீன் ரோல்ஸ் பொரித்த வாசம். எல்லை மறக்காமலிருக்கப் புதிதாக வந்தவர்களைத் தூக்கி அந்தக் கல்லில் மெல்லத் தட்டி இருத்துவார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. நாலு பேர் அக்காவைத் தூக்கினார்கள். அவள் கத்திச் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை அவளிடம் கேட்டு வெகுகாலம். பக்கத்தில் நின்ற, வயல் வைத்திருக்கும் கமக்காரர் ஒருவர் ரோல்ஸைக் கடித்தபடி, "நான் இந்த ஊருக்கு வந்து நாற்பது வருடம். என்னையும் இன்னும் வெளியிலிருந்து வந்தவன் என்றுதான் சொல்கிறார்கள்" என்றார். என்னையும் தூக்க வந்தார்கள். "நான் மொன்றியல்" என்றேன். யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லை ஒரு சிற்றோடையின் நடுவால் போனது. எல்லையை விட்டு விலகக்கூடாதாம். எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். ஒரு கால் எங்கள் ஊரில், மற்றக் கால் அடுத்த ஊரில் என்று மாகிரட் முன்னால் சொல்லிக்கொண்டு போனார். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"உனக்கு எந்தக் கால் குளிருது?"

"ரெண்டும்தான், அக்கா" என்றேன். ஓடைத்தண்ணீர் எங்கள் கால்களுக்கு நடுவால் போய்க்கொண்டிருந்தது.