மூன்று தரம் பன்னிரண்டு

மஹ்யூப் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்காமல் எந்த பேட்டரிக்கும் சார்ஜ் போடமாட்டார். ஏழு வருடமாகப் பார்த்திருக்கிறேன். தாயிஸ் நகரில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் என்றால் அவருடைய ஜெனரேட்டர் கடைதான். முதலில் மீட்டரை வைத்து பேட்டரியை அளப்பார். பிறகு, கொண்டுவந்தவரின் சார்ஜரைக் காட்டி, "எத்தனை வோல்ட்?" என்பார். மறுபடி கேட்பார். மூன்றாம் முறை கேட்டதும் எப்பேர்ப்பட்டவரும் சார்ஜரைத் திருப்பி, அடியில் எழுதியிருப்பதைப் படித்துவிடுவார்.

அது தேவைதான். எங்கள் தெருவில் எல்லாச் சார்ஜரின் முனையையும் வெட்டி ஒரே மாதிரி கவ்வி மாட்டிவிடுவோம். எதுவும் எதற்கும் பொருந்தும்.

கன்னம் புடைக்க காத் இலையை மென்றுகொண்டு எதிர்க்கடைக்காரர், மூன்று முறை சம்மதம் கேட்க இங்கே நிக்காஹ் நடக்கிறதா என்று கேட்பார். "நிக்காஹ்ல தப்பா சொன்னா ரெண்டு குடும்பம்தான் கெடும்" என்பார் மஹ்யூப்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியது நான். அதுவும் மின் பொறியியல். போன குளிர்காலத்தில் ஒரு மாலை, அம்மாவின் மூச்சுக்கருவிக்கான பேட்டரியையும் வீட்டிலிருந்த சார்ஜரையும் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டாம் முறை கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது.

"பன்னெண்டு. நாலு வருஷம் இதைத்தான் படிச்சேன் அண்ணே."

"சரி இன்ஜினியரம்மா" என்று கவ்வியை மாட்டிவிட்டார்.

அது தம்பியின் மின்சார சைக்கிள் சார்ஜர். இருபத்து நான்கு வோல்ட்.

அரை மணி நேரத்தில் அழுகிய முட்டை நாற்றம். பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. அவர் ஜெனரேட்டரை நிறுத்தி, எல்லோரையும் வெளியே அனுப்பினார். அமிலம் தெறித்த கையைக் கழுவிக்கொண்டே, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். வீட்டில் அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது.

கடையின் சொந்த பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஏறினார். கருவி எத்தனை வோல்ட் என்று அம்மாவிடமே கேட்டார், மூன்று முறை. மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று முறையும் அம்மா பன்னிரண்டு என்றார். பிறகுதான் இணைத்தார். அம்மா பிழைத்துக்கொண்டார். இன்றுவரை அந்த மூன்று பன்னிரண்டுக்காக அவரைத் திட்டுகிறார்.

மஹ்யூப் போன மாதம் மாரிப் நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். பேட்டரிக்கு ஈடு கொடுத்துவிட்டுத்தான் போனார். தப்பு என்னுடையது என்று சொல்லியும் கேட்கவில்லை.

மூன்றாம் முறை கேட்டிருந்தால் சார்ஜரைத் திருப்பிப் பார்த்திருப்பேனா, அல்லது இன்னும் சத்தமாகப் பன்னிரண்டு என்றிருப்பேனா, தெரியவில்லை. அந்த ஒரு கேள்வி மட்டும் அவர் எனக்குப் பாக்கி.