கால்சியம் ஏறியதும் தறி மேல் பழி விழுந்ததும்

ரத்தம் எடுக்கிற தொழிலில் ரிப்போர்ட் சரியாக வந்தால் டாக்டர் கெட்டிக்காரர், கோணலாக வந்தால் லேப்காரன் மக்கு. ஆரணியில் இருபது வருஷமாக ஊசி பிடிக்கும் என்னைப் போல நீங்களும் இந்தப் பேச்சு வாங்கியவர் என்றால், இதைப் படித்துவிட்டு ஒரு நாளாவது நெஞ்சை நிமிர்த்தி நடங்கள்.

நிறைய இருந்தால் நல்லதுதானே

சரோஜா அக்கா பட்டு நெய்கிறவர். மாடியில் இருக்கும் என் லேபுக்குப் புருஷன்தான் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வந்தார். காலெல்லாம் எலும்பு வலி, ஓயாத தாகம், ஒரு தடவை சிறுநீரகக் கல். எங்கள் ஊரில் நெசவாளிக்குக் கால் வலித்தால் யாரும் காரணம் தேட மாட்டார்கள். குழித்தறியில் மிதிக்கிற கால் வலிக்கத்தானே செய்யும்! அக்காவும் அப்படியே நம்பி, தானாகவே கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். கையில் இருக்கும் புடவை முடிந்ததும் தறியையே விட்டுவிடுவதாக முடிவும் செய்துவிட்டார்.

ரத்தத்தில் பத்தரையைத் தாண்டக் கூடாத கால்சியம், அக்காவுக்குப் பதினொன்று புள்ளி எட்டு. அதிகமாக இருக்கிறது என்றேன். அக்கா முகம் மலர்ந்துவிட்டது.

"மாத்திர நல்லா வேல செஞ்சிகினு கீது சார். நெறயா இருந்தா நல்லதுதானே?"

ரப்பர் கட்டாத கை

அக்காவைச் சோதனைக்கு அனுப்பிய டாக்டர் ரிப்போர்ட்டை நம்பவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னார். என்னிடம், "உன் மெஷினைப் பாருப்பா" என்று போனை வைத்துவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு உண்மையை உங்களிடம் மறைப்பானேன். அன்று ரத்தம் எடுக்க அக்கா கையில் ரப்பரைக் கட்டிவிட்டு, வேறொருவருக்கு ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன். கட்டு நெடுநேரம் இருந்தால் கால்சியம் பொய்யாக ஏறும்.

அடுத்த வாரம் அக்காவை வரவழைத்து, ரப்பரே கட்டாமல் எடுத்தேன். என் ரத்தத்தையும் அதே மெஷினில் ஓட்டினேன். எனக்கு ஒன்பது புள்ளி நாலு, அக்காவுக்குப் பதினொன்று புள்ளி ஏழு. இரண்டு தாளையும் நேரிலேயே கொண்டுபோய் நீட்டினேன். டாக்டர் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மெஷின் மேல தப்பில்லப்பா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அரிசி அளவு

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று நாலு குட்டிச் சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் விடுவது அவற்றின் வேலை. கூடினால் அடங்கிவிட வேண்டும். அடங்கியிருக்கிறதா என்று பார்க்க, அந்தச் சுரப்பியின் ஹார்மோன் சோதனைக்கு ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து வேலூருக்கு அனுப்பினேன். இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு! ஸ்கேனில் ஒரு சுரப்பி வீங்கியிருப்பது தெரிந்தது. சும்மா இருக்கும்போது அரிசி அளவுதான் இருக்கும் என்று டாக்டர் விளக்க, அக்கா கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இத்தினூண்டு இருந்துகினு என் எலும்பயே தின்னுகினு இருந்திச்சா? நான் தறிய இல்ல திட்டிகினு இருந்தேன்!"

தனியாக ஏறிய படி

ஆபரேஷனில் அந்த ஒரு சுரப்பியை எடுத்துவிட்டார்கள். சில மாதம் கழித்துச் சோதனைக்கு வந்த அக்கா, கைப்பிடியைக்கூடத் தொடாமல் படியேறினார். மேலே நின்று பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வெற்றியில் என் பங்கும் உண்டு, அதில் எனக்கு வெட்கமே இல்லை. கால்சியம் ஒன்பது புள்ளி ஐந்து. காலையிலேயே வரச் சொன்னேனே, ஏன் தாமதம் என்று கேட்டேன்.

"தறிக்கு மஞ்ச குங்குமம் வெச்சி, தெரியாம திட்டிட்டேன், மன்னிச்சிக்கன்னு சொல்லி, அடுத்த பொடவைக்குப் புதுசா பாவு நூல் ஏத்திட்டு வரேன் சார்."

கால் வலித்தால் தறியையும், ரிப்போர்ட் பிடிக்காவிட்டால் லேப்காரனையும் திட்டுகிற ஊரில் இரண்டு பேருமே நிரபராதி என்று நிரூபித்தவன் நான்தான், மஞ்சள் குங்குமம் மட்டும் தறிக்குப் போய்விட்டது.