வீடு கிடைக்காதது பற்றிய கட்டுரைகள்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது, திருவண்ணாமலையில் வாடகை வீடு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். அப்போது எங்களுக்கு வாடகை வீடு தேவைப்படவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு ஊர் திரும்புவேன். மகளை டவுன் பள்ளியில் சேர்த்த பிறகுதான் இங்கேயே குடிவந்துவிடலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். அதன் பிறகு நூலகத்தில் படிப்பதும் தெருவில் அனுபவிப்பதும் ஒன்றாகிப்போயின.

நூலகத்தின் மூலையில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஆய்விதழ்களை அதில்தான் தேட வேண்டும். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் மலை வரும், தீபம் வரும், ஆன்மிகச் சுற்றுலா வரும். இங்கே வீடு கேட்டு அலைகிறவர்களைப் பற்றி ஒன்றும் வராது. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு சாதி, வாடகை, மறுப்பு என்று ஆங்கிலத்தில் மாற்றி மாற்றிப் போட்டால் கட்டுரைகள் வரும். பாதிக்கு மேற்பட்டவற்றுக்குச் சுருக்கம் மட்டும்தான் தெரியும். முழுக் கட்டுரையைத் திறக்க எங்கள் கல்லூரிக்கு அனுமதி இருக்காது.

அந்த நேரத்தில் துணைக்கு வருபவர் நூலகர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். முதலில் மேடம் என்றேன், பிறகு அக்கா என்று ஆகிவிட்டது. "தலைப்பை எழுதிக் குடு. மெட்ராஸ்ல எனக்குத் தெரிஞ்சவங்க லைப்ரரியில இருக்காங்க. கேட்டு வாங்கித் தரேன்," என்பார். வாங்கியும் தருவார். எதை எந்தச் சொல் போட்டுத் தேடினால் கிடைக்கும் என்று எனக்குப் பழக்கியவரும் அவர்தான்.

சனி, ஞாயிறுகளில் வீடு பார்க்கப் போவோம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்புறம் ஒரு வீட்டுக்குப் போனது இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. உரிமையாளர் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சொந்த ஊரு எதுங்க?"

"கீழ்பென்னாத்தூர் பக்கம்ங்க," என்றார் கணவர்.

"அங்க ஊர்லயா, காலனியிலயா?"

எங்கள் பக்கத்தில் சாதியை இப்படித்தான் கேட்பார்கள்; காலனி என்றால் தலித் குடியிருப்பு. காலனி என்று சொன்னோம். அவர் முகம் மாறவில்லை. "நல்லதுங்க. பையன் பெங்களூர்ல இருக்கான். அவனை ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றேன்," என்றார். போன் வரவில்லை. அதற்கு முன் பார்த்த வீடுகளிலிருந்தும் வரவில்லை.

திரும்பி வரும்போது கணவர், "இனிமே அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடலாம். அலைச்சலாவது கம்மியாகும்," என்றார். எனக்கு வெயிலில் தலை வலித்தது.

இதையெல்லாம் ஓர் அத்தியாயமாக எழுதி என் ஆய்வு நெறியாளரிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். "உனக்கு நடந்திருக்கு, சரிம்மா. ஆனா இதுக்கு ஆதாரம் என்ன? யாராவது எழுதியிருக்காங்களா பாரு. மேற்கோள் ஜாஸ்தி வேணும்," என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை எனக்குச் சொன்னார். எனக்கு நடந்தது வேறு யாருக்கோ வேறு எந்த ஊரிலோ நடந்து, அது அச்சில் வந்திருக்கிறதா என்று தேட மறுபடி நூலகத்துக்குப் போனேன்.

அப்படி ஒரு மாலை. நூலகர் போனில் யாரிடமோ, "மாடி போர்ஷன் காலியாதான் இருக்கு. நல்ல குடும்பமா இருந்தா சொல்லுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்ததும் என்னைப் பார்த்தார். நான் கேட்டுவிட்டேன்.

"எங்களுக்குக் கிடைக்குமா அக்கா?"

அவர் பார்வை என் முன்னால் திறந்திருந்த கட்டுரைக்குப் போனது. அவரே தேடிக் கொடுத்த கட்டுரை.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வீடு மாமனார் பேர்ல இருக்கு. அவரு கீழயே இருக்காரு. உன்னை கூட்டிட்டு போயி, அவரு வாயால ஏதாவது சொல்லிட்டாருன்னா, அப்புறம் நீ இங்க எப்படி வருவ?"

"அவர்கிட்ட கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்கல," என்றார்.

அதையாவது மறைக்காமல் சொன்னார். நான் "சரிக்கா" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். விட்ட இடத்திலிருந்து படித்தேன். ஒரு பத்தியையே திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அதற்கான தெம்பு இல்லை. வீட்டில் தோசைக்கு மாவு இருக்கிறதா என்று யோசித்தேன்.

சில நாள் நூலகப் பக்கம் போகவில்லை. அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதும் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. நூலகர் எழுந்து வந்து, "நீ கேட்டது மெட்ராஸ்லேர்ந்து வந்துடுச்சு. பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன்," என்றார். வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு முன்பைவிட அதிகமாக உதவினார். நான் கேட்காததையும் தேடி வைத்தார். அதை மறுக்கவும் முடியவில்லை, மனதார வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. மாடி போர்ஷனைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

கடைசியில் வேட்டவலம் ரோட்டில், டவுனைத் தாண்டி ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். உள்ளே நுழையும்போதே கணவர், "நாங்க காலனிங்க," என்றார். அந்த அம்மா அவரை ஒரு நொடி பார்த்துவிட்டு, "மோட்டார் போட்டா நிறுத்த மறக்கக் கூடாது. முன்ன இருந்தவங்க மறந்துட்டு மறந்துட்டு போயிடுவாங்க," என்றார். சாவியை வாங்கிக்கொண்டோம். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். பள்ளி தூரம், பஸ் குறைவு, சாமான் ஏற்ற வண்டி சொல்ல வேண்டும் என்பதெல்லாம்தான் மனதில் ஓடின.

ஆய்வேட்டை முடித்து, வாய்மொழித் தேர்வும் வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். நூலகர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "படிச்சவங்க இவ்ளோ பேர் இருக்காங்க. இப்பவும் இதெல்லாம் நடக்குதாம்மா?" என்று கேட்டார்.

செங்கம் ரோட்டு நாற்காலியைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எந்தக் கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தேர்வாளர் தலையாட்டினார். நெறியாளருக்குத் திருப்தி. நூலகர் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "நல்லா பேசின," என்றார். "எல்லாம் நீங்க எடுத்துக் குடுத்ததுதானேக்கா," என்றேன். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மை அதுதான்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை, வெகுதூரம் நடந்தே போனேன். வீட்டில் சேலையைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டேன். மகள் வந்து, "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள்.

"பட்டம் கிடைச்சிடுச்சு," என்று மட்டும் சொன்னேன்.