முழங்கால் உயரத்துக் கீறல்

ஆறாவது காரின் பம்பரிலும் கீறல் விழுந்த அன்றே, ஜர்கா நகரத்தின் அந்த நாலு மாடிக் கட்டடத்தில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். கீறுகிறவன் இரண்டாம் மாடி சுப்ஹிதான். வேறு யாருக்கு லாபம்? பம்பரில் கீறல் எடுத்துப் பெயிண்ட் அடிப்பதுதானே அவன் பிழைப்பு. கீழே நிற்கிற கார்களை அவனே ஆணியால் இழுத்துவிட்டு, மறுநாள் அவனே தேய்த்துக் கொடுத்துக் காசு பார்க்கிறான் என்று முதல் மாடியில் இருந்த மருந்துக்கடைக்காரர் பஹ்ஜத் படிக்கட்டில் நின்றுகொண்டு சொன்னார். சுப்ஹியின் மனைவி ரஸ்மியா ரொட்டி வாங்கிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்த பிறகும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

சுப்ஹியை வெறுப்பதற்கு அந்தக் கட்டடத்தில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பதினெட்டு வயதில் குவைத்துக்குப் போய், பெரிய பட்டறை ஒன்றில் பெயிண்ட் வேலை கற்றவர். அங்கே போர் வந்தபோது ஒரு பெட்டியும் ஒரு ஸ்ப்ரே துப்பாக்கியுமாகத் திரும்பி வந்தார். ஜர்காவின் தொழிற்பேட்டையில் ஒருவனோடு கூட்டுச் சேர்ந்து பட்டறை போட்டார். பதினாறு வருடம் ஓடியது. முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில் கூட்டாளி பட்டறையை விற்றுவிட்டான். எழுந்து நடக்க முடிந்த அன்றே சுப்ஹி அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். மூன்று நாள் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினார். கதவு திறக்கவேயில்லை. அதிலிருந்து மனிதருக்கு யாரைப் பார்த்தாலும் முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

அதன்பிறகு கட்டடத்தின் பின்முற்றத்திலேயே வேலையை வைத்துக்கொண்டார். பெயிண்ட் நாற்றம் எல்லார் சமையலறைக்கும் ஏறியது. காயப்போட்ட வெள்ளைத் துணியில் வெள்ளித்தூள் படிந்தது என்று நாலாவது மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து சண்டை போட்டாள். துணியை உள்ளே காயப்போடச் சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். வேலை கொண்டுவருகிறவர்களிடமும் இதே கதைதான். கீறல் மேல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் தடுக்காவிட்டால் பாலிஷ் போதும், போய்விடு என்பார். தடுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, மறுபடி தேய்த்து, பெயிண்ட் ஏற்றவேண்டும். அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தால் பேச்சே கிடையாது, முழுப் பம்பரையும் கழற்றிவிடுவார். வீட்டிலேயே கைவைத்துப் பார்த்துவிட்டு வந்தவர்களை மட்டும் அவர் மன்னிப்பதில்லை. ஒருதடவை பஹ்ஜத் பற்பசையைப் போட்டுத் தேய்த்துவிட்டு, கீறல் போகவில்லையே என்று கொண்டுவந்தார்.

"பல்லுக்கு வாங்கினதைப் பல்லுக்குப் போடுங்க. வண்டியை எடுத்துட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டார் சுப்ஹி. மூன்று பேர் முன்னால். பஹ்ஜத் அதை மறக்கவில்லை.

ஆறாவது கீறலுக்கு மறுநாள் மாலை சுப்ஹியை மூன்றாம் மாடி முஃப்லிஹ் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. முஃப்லிஹ் ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தின் கமிட்டித் தலைவர். இரண்டு மாதம் முன்பு வண்டி நிறுத்துமிடத்துக்கு இரும்புக் கதவு போட்டவரும் அவரே. தன் மச்சானை வைத்துச் செய்து, பச்சைப் பெயிண்டும் தன் கையாலேயே அடித்தார். கதவு வந்த பிறகும் வண்டிகளுக்குப் பாதுகாப்பில்லையே என்பதுதான் அவருடைய பேச்சின் தொடக்கம். ஏழு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சார்ஜெண்ட் கையில் காப்பிக் குடுவையோடு வலதுபக்கத்திலிருந்து ஒவ்வொருவருக்காய் ஊற்றிக்கொண்டு வந்தார். சுப்ஹியின் முறை வந்தது. ஊற்றவில்லை. அடுத்தவருக்கு நகர்ந்துவிட்டார்.

எதிரிக்குக்கூட ஊற்றுகிற காப்பி அது. சுப்ஹிக்குக் காது மடல்கள் கொதித்தன. எழுந்து போய்விடலாம். போனால் ஒப்புக்கொண்டதாகிவிடும். உட்கார்ந்தே இருந்தார்.

ஆறு வண்டியையும் இலவசமாகச் சரிசெய்து கொடுக்கவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் ஒத்துக்கொள்ளாவிட்டால் போலீசில் புகார் என்றார் சார்ஜெண்ட். சாட்சி உண்டா என்று சுப்ஹி கேட்டார்.

"சாட்சி எதுக்கு? என் வண்டியில மட்டும் ஒரு கோடு இல்ல பாரு. ஏன்? என்கிட்ட வாலாட்ட உனக்குப் பயம்."

"நான் கீறியிருந்தா இவ்வளவு அசிங்கமாக் கீறியிருக்க மாட்டேன்," என்றார் சுப்ஹி.

அதைச் சொல்லியிருக்கவேண்டாம் என்று ரஸ்மியா பின்னால் பலதடவை சொன்னாள். பஹ்ஜத் தொடையில் தட்டி, வாயாலேயே ஒத்துக்கொண்டான் என்றார். மறுநாள் காலையில் சுப்ஹி வீட்டுக் கதவில் யாரோ கரியால் ஒரு ஆணி வரைந்திருந்தார்கள். ரஸ்மியா அதைத் துடைத்தாள். அழவில்லை. தன் அண்ணன் ஊரான இர்பிதுக்கே போய்விடலாம் என்று மட்டும் சொன்னாள். போனால் திருடன் ஓடிவிட்டான் என்பார்கள், இங்கேயே இருந்து இவர்கள் கண்ணை உறுத்தவேண்டும் என்றார் சுப்ஹி.

அன்றைக்கு அவர் வேலைக்கு உட்காரவில்லை. கீழே நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். அதுவரை கோபத்தில் அவர் ஒரு கீறலைக்கூடச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. எல்லாம் வலதுபக்கம். எல்லாம் முழங்கால் உயரம். கையில் ஆணி பிடித்துக் கீறினால் கோடு நடுங்கும், ஏறி இறங்கும். இவை அடிக்கோல் வைத்தது போல நேர்க்கோடுகள். பம்பர் மூலையில் ஆழமாக ஆரம்பித்து, பின்னால் போகப்போக மெலிந்தன. வண்டி நின்றபோது விழுந்ததல்ல, ஓடும்போது விழுந்தது. பஹ்ஜத்தின் சாம்பல் நிறக் காரில் கீறலின் பள்ளத்தை நகநுனியால் சுரண்டினார். பச்சைத் துகள் வந்தது.

நேராக வண்டி நிறுத்துமிடத்தின் இரும்புக் கதவுக்குப் போய்க் குனிந்தார். கதவைக் கடைசிவரை தள்ளாமல் விட்டால், முழங்கால் உயரத்தில் இருந்த கீழ்த் தாழ்ப்பாளின் நாக்கு பாதைக்குள் இரண்டு விரல் அளவு நீட்டிக்கொண்டு நின்றது. அதன் நுனியில் பச்சை உரிந்திருந்தது. சரிவில் திரும்பி இறங்குகிற வண்டிக்கு அது தட்டும். பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவனுக்குக் காதில் விழாது.

அப்போதே எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் இன்னொன்று அவர் கண்ணில் பட்டது. சார்ஜெண்டின் வெள்ளைக் கார் வெயிலில் நின்றது. வலது மூலையில் அந்த வெள்ளை, மற்ற வெள்ளையோடு சேரவில்லை. பளபளப்பு இல்லை, தொட்டால் சொரசொரப்பு. டப்பா ஸ்ப்ரே. ஓரத்தில் காகிதம் ஒட்டாமல் அடித்ததால் டயர் மேலேயும் வெள்ளைத் தூசி. கீறல் இவர் வண்டியிலும் விழுந்திருக்கிறது. கதவுக்குப் பச்சை அடித்தவருக்கு அது எதனால் விழுந்தது என்று தெரியாதா? மச்சான் செய்த கதவைக் குறைசொல்ல மனம் வராமல், வீட்டிலேயே பூசி மறைத்துவிட்டு, பழியைச் சுப்ஹியின் தலையில் வைத்திருக்கிறார். சுப்ஹி அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டார். எல்லார் முன்னாலும் காட்டவேண்டும் என்று வெள்ளிக்கிழமைவரை காத்திருந்தார். ரஸ்மியாவிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். சிலர் வண்டி கழுவ வாளியோடு நின்றார்கள். சார்ஜெண்ட் என்ன முடிவு செய்தாய் என்று கேட்டார். சுப்ஹி ஒரு துணியில் பெயிண்டைக் கரைக்கிற தின்னரை ஊற்றிக்கொண்டு வெள்ளைக் காரிடம் போய் மண்டியிட்டார்.

"என் வண்டியில கைவைக்காதே," என்றார் சார்ஜெண்ட்.

"கம்பெனி பெயிண்டுன்னா இதுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க ஏன் பதறுறீங்க?"

இரண்டு தடவை துடைத்தார். வெள்ளை, பால் போலக் கரைந்து துணியில் வந்தது. மூன்றாவது தடவைக்குக் கோடு தெரிந்தது. முழங்கால் உயரத்தில், நேராக, உள்ளே பச்சையோடு. சுப்ஹி துணியைத் தரையில் போட்டுவிட்டு, கதவை முக்கால்வாசி தள்ளினார். நாக்கு நீட்டிக்கொண்டு நின்றது. பஹ்ஜத் தன் காரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், சார்ஜெண்டைப் பார்த்தார்.

சார்ஜெண்ட் சுப்ஹியின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார். முதுகில் பழைய இடத்தில் அடிபட்டது. இரண்டு பேர் விலக்கிவிட்டார்கள். விலக்கியவர்கள் சார்ஜெண்டைத்தான் தோளில் தட்டி மேலே கூட்டிப்போனார்கள்.

அன்று மாலையே தாழ்ப்பாளின் நாக்கை அறுத்துவிட்டார்கள். அதற்குப்பின் ஒரு வண்டியிலும் கீறல் விழவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்க யாரும் வரவில்லை. பஹ்ஜத் வந்தார், தன் வண்டியைக் கூலி கொஞ்சம் குறைத்துச் செய்து தரமுடியுமா என்று கேட்க. சுப்ஹி கதவைச் சாத்தினார். இரண்டு வாரம் கழித்துக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது: பின்முற்றத்தில் பெயிண்ட் வேலை கூடாது, நாற்றம். முதல் கையெழுத்து பஹ்ஜத்துடையது.

சுப்ஹி தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு மூலை வாடகைக்கு எடுத்தார். தொழில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கொஞ்சம் கூடத்தான் வந்தது. கெட்டது ரஸ்மியாவின் பொழுது. மதியத்தில் சார்ஜெண்டின் மனைவியோடு உட்கார்ந்து திராட்சை இலையில் சோறு பொதிந்துகொண்டே ஊர்க்கதை பேசுவாள். அது நின்றுபோயிற்று.

"நீ ஜெயிச்சுட்டே. எனக்குத்தான் பேச ஒரு ஆள் இல்லாமப் போச்சு," என்றாள் ஒருநாள்.

எட்டு மாதம் கழித்து அந்த வெள்ளைக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. வண்டியை விற்கப்போகிறாராம். பம்பரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் போகிறார்களாம். வேறு இரண்டு இடத்தில் கேட்டதில், வெள்ளை நிறத்தைச் சேர்ப்பதற்கு சுப்ஹியிடமே போகச் சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் சார்ஜெண்ட் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சுப்ஹி கீறல் மேல் நகத்தை ஓட்டினார்.

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க," என்றார்.

பம்பரைக் கழற்றி, டப்பா பெயிண்ட் முழுவதையும் எடுத்து, தண்ணீர் விட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, மூன்று தடவை நிறம் கலந்து பார்த்து அடித்தார். மற்றவர்களிடம் வாங்குகிற கூலியையே வாங்கினார். ஒரு காசு கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சார்ஜெண்ட் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். கீறல் இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை. சாவியைக் கையில் வாங்கியபின் சொன்னார்:

"அன்னைக்கு நீ என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"நீங்களும்தான் என்னைத் தனியாக் கூப்பிட்டு அந்தக் காப்பியை ஊத்தாம விட்டிருக்கலாம்," என்றார் சுப்ஹி.

சார்ஜெண்ட் வண்டியில் ஏறினார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது யார் வண்டி வந்தது என்று ரஸ்மியா கேட்டாள். சொன்னார். நன்றாக வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றார். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இரண்டு ஆண்களும் இன்றைக்கும் ஆளுக்கொரு சுவர்ப்பக்கம் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்கள்.