பிளாஸ்டிக் உறை போட்ட ஓர்கன்

நெடிய, ஒல்லியான மனிதர். தேவாலயத்தில் பூசை நேரம் வாங்குப் பலகையில் இருந்தாலும் அவர் கால்கள் சும்மா இராது. செருப்பைக் கழற்றிவிட்டு, குதியும் நுனியுமாகத் தரையில் எதையோ மிதித்துக்கொண்டிருப்பார். காலாலும் வாசிக்கிற பெரிய ஓர்கனுக்கு இசை எழுதுகிறவர். அவர் எழுதியவற்றை வெளிநாட்டுத் தேவாலயங்களில் வாசிக்கிறார்களாம். பளைப் பக்கத்தில் எங்களுக்கு அவர் ஞாயிறு பாட்டுக்குக் கீபோட் தட்டுகிற மாஸ்டர்.

கனடாவிலிருந்து ஒருவர் எங்கள் கோயிலுக்கு அப்படியோர் ஓர்கனை உபயமாக அனுப்பினார். அதன் பூட்டுத் திறப்பு கமிட்டிச் செயலாளரான என்னிடம் இருந்தது. உபயகாரர் நேரில் வந்து ரிப்பன் வெட்டும்வரை பிளாஸ்டிக் உறையைக் கழற்றுவதில்லை என்று முடிவெடுத்தோம்.

“கையளிப்பு விழாவுக்கெண்டு ஒண்டு எழுதியிருக்கிறன். ஒரு மணித்தியாலம் திறந்து விடுங்கோ, கால் பழகவேணும்,” என்று மாஸ்டர் மாதக்கணக்காகக் கேட்டார்.

“உபயகாரர் வரட்டும் மாஸ்டர்,” என்றேன்.

விழாவில் நாலு பேர் பேசினோம். உபயகாரரின் மகள் ஒற்றை விரலால் ஏதோ தட்டினாள், கைதட்டினோம். சோறு ஆறுதென்று சனம் எழும்பிப் போனது. மாஸ்டர் வாசிக்கத் தொடங்கியபோது கதிரை அடுக்குகிறவர்களும் நானும்தான் உள்ளே நின்றோம். கதிரைச் சத்தத்தில் எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

வாசித்து முடித்ததும் உறையை எடுத்து, மூலைகளை இழுத்துச் சரிசெய்து, அவரே மூடினார்.

“இப்பிடி இருந்தாத்தான் உங்களுக்கு வடிவு,” என்றார்.

பிறகு அவர் ஞாயிறு பாட்டுக்கும் வரவில்லை. நாங்களும் உறையைக் கழற்றவில்லை. திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.