லயத்துக்கு மட்டும் ஒரு விதி

கண்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஐந்து பேர் சேர்ந்து நாகரிகம் வளர்க்கும் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். விளையாடுகிறவர் ஒரு சிற்றூரில் தொடங்கி, காடு வெட்டி, வயல் போட்டு, மன்னர் காலம், தோட்டக் காலம், நவீன காலம் என்று ஏறிப்போக வேண்டும். நான் மடுல்கெல்லயில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் என்பதால் தோட்டக் காலத்தை என்னிடம் தந்தார்கள். எனக்கும் பெருமைதான், இல்லையென்றால் பொய்.

தேயிலை மலை, ஆலை, துரை பங்களா, தொழிலாளர் குடியிருக்கும் லயம் எல்லாவற்றையும் நானே வரைந்தேன். லயத்தில் ஒரே கூரையின் கீழ் பத்துக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லாருக்கும் ஒரு தண்ணீர்க் குழாய். அப்படியொன்றின் ஆறாவது காம்பராவில்தான் வளர்ந்தேன். அம்மா இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

ஒருநாள் முழு விளையாட்டையும் ஓட்டிப் பார்த்தோம். நவீன காலத்தை எட்டியதும் திரை ஒருமுறை மின்னியது. ஓலைக் குடிசைகளெல்லாம் மாடி வீடுகளாயின. என் லயமும் பல்கனி வைத்த மாடி வீடாகிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மின்னலில் வீடு கிடைக்குமென்றால் என் தாத்தா காலத்திலேயே மின்னியிருக்கலாமே.

எங்கள் குழுத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. லயம் தானாக மாறக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். ஒன்று மட்டும் பழையபடி நின்றால் அது நம்முடைய பிழை என்று முறைப்பாடு வரும் என்றார். வரட்டும் என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய், அம்மாவின் கல்யாணப் படம் எடுத்த அதே வாசலில் அம்மாவை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். மறுநாள் இரண்டு படங்களையும் தலைவரின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கூரையில் புதுத் தகரம், மேலே ஒரு டிஷ் அன்ரனா. லயத்தில் வேறு வித்தியாசம் எதையும் அவரால் காட்ட முடியவில்லை.

லயம் தானாக மாறாது, விரும்புகிறவர் செலவழித்து மாற்றட்டும் என்று இறங்கி வந்தார். அப்படியே செய்து, கெலிஓயாவிலிருந்து வரும் எங்கள் தோழியிடம் விளையாடக் கொடுத்தோம். அவள் பாலம் கட்டினாள், துறைமுகம் கட்டினாள், நவீன காலத்தில் வென்றும் விட்டாள். லயங்களைத் தொடவேயில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அதனால் தனக்குப் புள்ளி ஒன்றும் கூடாதே என்றாள். அவளைக் கோபித்து என்ன பயன், விதியை எழுதியவர்கள் நாங்கள்தானே. அப்போதுதான் எனக்குத் தெளிந்தது. நேரே தலைவரிடம் போய், லயங்கள் எல்லாம் வீடுகளாகும் வரை நவீன காலமே திறக்கக் கூடாது என்றேன்.

“அப்பிடியெண்டா கனபேர் நவீன காலத்துக்குப் போகேலாதே, பிள்ளை.”

“நாங்களும் இன்னும் போகல சார். எங்கம்மா அங்கதான் நிக்கிறாங்க.”

அவர் மேசையில் இருந்த இரண்டு படங்களையும் எடுத்து அருகருகே வைத்தார்.

“எழுதுங்கோ,” என்றார்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினேன்: ஒரு லயம் மிச்சமிருந்தாலும் அடுத்த காலம் திறக்காது.