கப்பலில் ஏறி வாங்கிய இரண்டு கையெழுத்து

ரோசி, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இதை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறாள். விளக்குத் திரியை இறக்கி வைத்துத்தான் எழுதுகிறேன். தெரிந்தால் தொலைந்தேன்...

ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று சாயங்காலம் அப்பா லோரியைக் கழுவினார். சூடான எஞ்சினில் தண்ணீர் பட்டு ஆவி எழும்பியது. பெட்ரோலும் சந்தனமும் கலந்த வாசம்... பிரிக்பீல்ட்ஸ் வாசலில் நின்றவள் மனசால் சட்டென்று எங்கள் பழைய கிள்ளான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்கு ரயில்வே வேலை போயிருந்தது. எங்கள் லைன் வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. எல்லாரும் மலாயாவை விட்டு ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். அம்மாவும் தகரப் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டாள்.

அப்பா மட்டும் அசையவில்லை. அம்மாவின் வளையல்களை விற்று ஒரு மோட்டார் வாங்கினார்.

மோட்டார் என்றால்... முன்பாதி கார், பின்பாதி லோரி! தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி மாமா ஒருவர், தன் பழைய காரின் பின்பக்கத்தை அறுத்தெடுத்துவிட்டு, பலகைப் பெட்டி அடித்து, அதில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரும் ஊருக்குப் போகிறவர்தான்.

கோயில் வாசலில் அவரும் அப்பாவும் வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். அம்மா எஞ்சினுக்குச் சந்தனம் பூசினாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. வியாபாரம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தோம்.

பெயர் மாற்ற மோட்டார் ஆபீசுக்குப் போனபோது, இங்கிலீஷ் வாசிக்க என்னையும் கூட்டிப்போனார் அப்பா. ஆபீஸ்காரர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் வண்டியைப் பார்த்தார்.

"காகிதத்தில காருன்னு இருக்கு. நிக்கிறது லோரி. பின் சீட்டு எங்கய்யா?"

"அங்க தேங்கா உக்காந்திருந்துச்சுங்க," என்றார் அப்பா.

அவர் சிரிக்கவில்லை. பெயர் மாற்ற, விற்றவர் கையெழுத்து வேண்டுமாம். காரை லோரியாக்கியது நான்தான் என்று இன்னொரு காகிதத்திலும் அவரே கையெழுத்துப் போட வேண்டுமாம். அதற்கப்புறம் லோரிக்கு உள்ள வரியைக் கட்டினால்தான் ஓட்டலாம். அதுவரை வண்டி அங்கேயே நிற்கும்.

"வெத்தல மாத்தியாச்சே, சார்..."

"வெத்தலையில முத்திரை குத்த முடியாது லா."

கிராணி மாமாவின் கப்பல் அன்று மத்தியானமே கிளம்புகிறது, ரோசி!

எதிரே இருந்த காப்பிக்கடைக்காரரின் சைக்கிளை அப்பா கேட்டு வாங்கினார். நான் பின்னால். மடியில் காகிதங்கள், பள்ளிக்கூடப் பேனா, மைப்புட்டி. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வரைக்கும் மூச்சிரைக்க மிதித்தார்.

"பாப்பா, கப்பல் தெரியுதா?"

"புகை தெரியுதுப்பா!"

கப்பல் ஏணியடியில் காவலுக்கு நின்ற ஜாகா அப்பாவின் நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தான். டிக்கெட் இல்லாமல் ஏறக்கூடாது. சங்கு ஊதியது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்த கப்பல் எங்களுக்குத்தான்...

ஜாகாவின் கைக்கடியில் குனிந்து புகுந்து ஓடினேன். பின்னால் "ஏய்! ஏய்!" என்று சத்தம். நான் திரும்பவே இல்லை.

மேல்தட்டு முழுக்கப் பெட்டிகளும் பாய்களும் அழுகையும். கிராணி மாமா பாய்ச்சுருட்டின்மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"அடி பாப்பா! நீங்களும் ஊருக்கா?"

"இல்ல மாமா. கையெழுத்துக்கு வந்தேன்."

முதல் காகிதத்தில் உடனே போட்டார். இரண்டாவதை வாசித்தவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இது வேணாம்மா. ஆபீசுக்குச் சொல்லாம அறுத்தது. எம்மேல கேஸ் போட்ருவான்."

எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ!

"நீங்கதான் கப்பல்ல போறீங்களே மாமா. கேஸ் என்ன, நீந்தியா வரும்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "போட்டுக் குடுங்க கிராணியாரே! புள்ள நிக்கிறா பாருங்க!" என்று ஒரு அக்கா அதட்டினாள். அவரும் சிரித்துக்கொண்டே பெட்டிமேல் காகிதத்தை வைத்துப் போட்டார். மறுபடி சங்கு. துள்ளிக் குதித்ததில் மை முழுக்க என் கவுனில்!

கீழே வந்து விழாத குறைதான். நான் இறங்கியதுமே ஏணியை எடுத்துவிட்டார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. "போட்டாரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு இரண்டு காகிதங்களையும் குழந்தைக்குச் சோறு ஆற்றுவதுபோல ஊதி ஊதிக் காயவைத்தார்.

ஆபீஸ்காரர் கையெழுத்தைப் பார்த்தார். என் கவுனைப் பார்த்தார். அப்பா கட்டிய வரியை வாங்கிக்கொண்டு முத்திரையை எடுத்தார்.

டப்! டப்!

வீடு வரைக்கும் ஹாரன் என் கையில்தான். பூட்டின வீடு ஒவ்வொன்றின் முன்னும் அழுத்தினேன்.

அம்மா முதலில் கட்டிக்கொண்டாள். அடுத்து முதுகில் ஒன்று வைத்தாள். "பொட்டப்புள்ள ஆம்பளைங்க கூட்டத்துல கப்பல் ஏறினான்னு தெரிஞ்சா உங்கக்காவ யாருடி கட்டுவா? வெளிய மூச்சு விட்ட, தெரியும்!" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அக்காவுக்கு இன்னும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பயம்.

அன்று ஊருக்குப் போகத் துடைத்து வைத்த தகரப் பெட்டியில் இன்று அப்பாவின் ஸ்பேனர்கள் கிடக்கின்றன. என் கவுனில் பட்ட மை போகவே இல்லை. அந்தக் கவுனைக் கிழித்துத்தான் இன்று அப்பா லோரியைத் துடைத்தார். நீலக்கறையைக் காட்டி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்...

அந்த லைனில் இருந்து கப்பல் ஏறினவர்கள் எத்தனையோ பேர், ரோசி. ஏறிவிட்டு இறங்கி வந்தவள் நான் ஒருத்திதான்! இதை ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி

என் அறைக்கதவைத் தட்டுகிறார்கள். அம்மா